அஞ்சலை, ஆவணிக்குள் முட்டியைச் சரிபண்ணி வை

சுங்கை சிப்புட், மலேசியா,
24.2.2026

அன்புள்ள அஞ்சலைக்கு,

லெட்சுமி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் மருமகள் போன வாரம் பேசினாள். காதுக்கு வாங்கிய மெஷினைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “எதுவா இருந்தாலும் எழுதச் சொல்லு” என்று நீ சொல்லிவிட்டதாகச் சொன்னாள். என் பேத்திக்கு ஒரே சிரிப்பு. வாட்ஸ்அப்பில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பலாமாம். காது கேட்காதவளுக்குப் பேசி அனுப்பச் சொல்கிற புத்திசாலி! கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து எனக்கு நன்றாகத் தெரிகிறது. கைதான் ஆடுகிறது, கூட்டிக்குறைத்துப் படித்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. சேகரின் மூத்த பெண் தேவிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பையன் கூலிம் பக்கம், ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பரிசம் போட்டாயிற்று. ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி வளர்பிறை. இங்கே கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டில் நல்ல மாதிரி மனுஷர்கள். ஆனால் மேடை அலங்காரத்துக்கு மட்டும் கேட்கிற காசைச் சொன்னால் நீ மயங்கி விழுவாய். லயத்து வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஊரே சேர்ந்து காய் நறுக்கி, அதிகாலையிலேயே பசியாறி முடித்த கல்யாணங்களில் பிறந்த பிள்ளைகள்தானே இவர்களும்? சரி, காலம் அப்படி. பவுன் விலை இருக்கிற இருப்பில் புதிதாக நகை வாங்குகிற பேச்சுக்கே இடமில்லை. என் அட்டிகையை அழித்து அவளுக்குச் செய்யச் சொல்லிவிட்டேன். மருமகள் “உங்களுக்கு வேண்டாமா அத்தை?” என்று கேட்டாள். எனக்கு எதற்கு? போட்டுக்கொண்டு கிளினிக்குக்கா போகப் போகிறேன்?

மருமகள் நல்லவள்தான், குறை சொல்ல மாட்டேன். என்ன, எண்ணெய் இல்லாமல் பொரிக்கிற மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் வடை சுட்டுக் கொடுத்தாள். கொழுப்பு ஏறாதாம். அந்த வடை தொண்டையில் இறங்க ஒரு கோப்பை கோப்பி வேண்டியிருந்தது. சேகர் வாயைத் திறக்காமல் இரண்டு தின்றான். அவன் அப்பா இருந்திருந்தால் அந்த வடையை வைத்தே ஒரு வாரம் பேசியிருப்பார்.

சேகருக்குப் பழையபடி லோரிதான். செம்பனைக் குலை ஏற்றி எண்ணெய் ஆலைக்குப் போகிறான், இடுப்பு வலியும் கூடவே போகிறது. சின்ன மகனுடைய கடைக்குட்டி ஜனவரியில் முதலாம் ஆண்டு சேர்ந்தான், மகாத்மா காந்தி கலாசாலையில். நம் தலைவர் துன் சம்பந்தன் முயற்சியில் 1954-இல் எழுந்த பள்ளி, நாம் தோட்டத்துப் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பாக உட்கார்ந்திருந்தபோது ஏக்கத்தோடு பேசுவோமே, அதே பள்ளி. பையன் பையைத் தூக்கினால் பின்பக்கம் சாய்கிறான். ஆனால் வந்ததும் வராததுமாக “கிழவி, எனக்கு ஆத்திசூடி தெரியும்” என்று நிற்கிறான். கிழவி என்று கூப்பிடச் சொல்லிக்கொடுத்தது என் மகன், வேறு யார்?

இந்த மாதம் அடையாளக் கார்டில் எல்லாருக்கும் அரசாங்கம் 100 வெள்ளி பணம் போட்டதே, உனக்கு வந்ததா? நான் அரிசி, எண்ணெய், முட்டை, சோப்பு வாங்கினேன். கடையில் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. என்னைப் போல் கிழடுகள் ஒரு வரிசை, கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நிற்பது மாதிரி நின்றோம். பக்கத்து வீட்டு மலாய்க்கார மாக்சிக் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். நோன்பு நேரம், பாவம், தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவள் அவள். சீனப்பெருநாளுக்கு எதிர்வீட்டு ஆன்ட்டி கொடுத்த லீமாவ் ஆரஞ்சு இன்னும் ஒரு பை நிறையக் கிடக்கிறது. சர்க்கரை வியாதிக்காரி நான் என்ன செய்ய? ஒவ்வொன்றாகத் தின்கிறேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு இந்த முறை என்னைக் கூட்டிப் போகவில்லை. கூட்டத்தில் முட்டி தாங்காதாம். டிவியில் பார்த்துக் கும்பிட்டேன்.

அப்புறம், ரவியைப் பற்றி. மகள் வயிற்றுப் பேரன், தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழகத்தில் தமிழ் வாத்தியாருக்குப் படிக்கிறானே, அவன். தோட்ட வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். சீனப்பெருநாள் லீவில் வந்து என்னைக் காரில் ஏற்றிக் கோலகங்சாருக்குக் கூட்டிப் போனான். அங்கே மாவட்ட அலுவலகத்துப் பக்கம் ஒரு ரப்பர் பால்மரம் நிற்கிறது. 1877-இல் கொண்டுவந்து நட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது ஒன்றுதானாம். இத்தனை காலம் இவ்வளவு கிட்டத்தில் இருந்தும் நான் பார்த்ததில்லை. நமக்குப் பால்மரம் பார்க்க லீவு நாளில் எங்கே ஆசை வந்தது?

மரம் பெரிசுதான், அஞ்சலை. நம் நிரையில் நின்ற மரங்கள் எல்லாம் இதற்குப் பேரப்பிள்ளைகள் மாதிரி இருக்கும். ரவி போனை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “பாட்டி, இந்த மரத்தைப் பார்த்ததும் என்ன தோணுது?” என்றான். “ஏணி இல்லாமல் சீவ முடியாதுன்னு தோணுது” என்றேன். அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. உணர்ச்சியாக ஏதாவது சொல்ல வேண்டுமாம். நான் அழ வேண்டும், இல்லையென்றால் அந்தக் காலம் பொற்காலம் என்று பெருமூச்சு விட வேண்டும். இரண்டும் எனக்கு வரவில்லை. இப்போது எல்லாருமே தோட்டத்தைச் சொர்க்கம் மாதிரி பேசுகிறார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேரை அட்டைகூடக் கடித்திருக்காது.

மனசு கேட்காமல், கையிலிருந்த குடைக்கம்பை மரமாக வைத்து, கார் சாவியால் சீவிக் காட்டினேன். இடது பக்கம் மேலே ஆரம்பித்து வலது பக்கம் கீழே சாய்வாக இறங்கணும். பட்டையை மெல்லிசாக எடுக்கணும். கட்டையை ஒட்டி ஈரமாக ஒரு படலம் இருக்கும், கத்தி அதில் படவே கூடாது. பட்டால் காயம், அந்த இடத்தில் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், அப்புறம் அந்தப் பக்கம் வெட்டவே முடியாது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கண்ணில் பட்டால் நம் ஏழு தலைமுறையையும் இழுப்பான். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும், அதனால்தான் இருட்டிலேயே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஓடினோம் என்றேன். ரவி வாயைப் பிளந்து கேட்டான். கை இன்னும் மறக்கவில்லை, அஞ்சலை. சாவி அந்தச் சாய்விலேயே தானாகப் போயிற்று.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டான். நாளுக்கு மூன்று வெள்ளி சொச்சம், அதுவும் ரப்பர் விலை இறங்கினால் இறங்கும், மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் காசு இல்லை என்றேன். துன் சம்பந்தன் 1960-இல் ஆரம்பித்த நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியும் கேட்டான். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போகிறான், நாமே சேர்ந்து வாங்கலாம் என்று அவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியதையும், அப்பா தவணை கட்டியதற்கு அம்மா சட்டியைத் தூக்கி எறிந்ததையும் சொன்னேன். சட்டியைத்தான் ஆவலாக எழுதிக்கொண்டான். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டால் வேலை போய் உன் அக்கா குடும்பம் ரஜூலா கப்பல் ஏறியதைச் சொன்னேன். நாகப்பட்டினத்திலிருந்து அக்கா பிள்ளைகள் இன்னும் பேசுகிறார்களா?

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. சேகர் பிறந்து இரண்டாம் மாதம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நீ உன் மகளை ஒரு பக்கமும் அவனை ஒரு பக்கமும் போட்டுப் பால் கொடுத்தாய். பால்மரக் காட்டுத் தீம்பாரிலிருந்து பால் வாளியை இறக்கின கையோடு பிள்ளைகள் இருந்த ஆயாக்கொட்டகைக்கு ஓடுவாயாம், சட்டையெல்லாம் நனைந்திருக்குமாம். ஆயா சொல்லித்தான் எனக்கே தெரியும். நீ ஒரு நாளும் அதைப் பேசியதில்லை. நானும் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. அதைப் போய்க் கட்டுரையில் போட்டு மார்க் வாங்குவதா?

சேகரிடம் மட்டும் போன வாரம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “அப்போ மணமேடையில் பெரியம்மா நிக்கணும், அவங்க கையாலதான் முதல் ஆசீர்வாதம்” என்றான். கேட்டுக்கொள், இது நான் சொல்வதில்லை, உன் பிள்ளை சொல்வது. முட்டி வலி, மாத்திரை, தூரம் என்று காரணம் சொல்லாதே. முட்டி எனக்கும்தான் வலிக்கிறது. இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, டாக்டரைப் பார்த்து ஏதாவது பண்ணு.

வருவதற்கு வழியும் விசாரித்துவிட்டேன். மின்சார ரயில் போன டிசம்பரில் ஜொகூர் பாரு வரைக்கும் வந்துவிட்டது, உன் குளுவாங்கிலும் நிற்கிறது. கோலாலம்பூர் கே.எல். சென்ட்ரலில் மாறி ஏற வேண்டியிருக்கலாம், பேரனைத் துணைக்கு அழைத்துக்கொள். எல்லா ரயிலும் சுங்கை சிப்புட்டில் நிற்காது. ஈப்போவில் இறங்கினால் போதும், சேகர் கார் கொண்டு வருவான். நம்மைப் போன்றவர்களுக்குப் பாதி டிக்கெட்தான். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடு, முடிந்ததும் ஓடக்கூடாது. நம் தோட்டத்துப் பக்கம் ஒரு நடை போய்வரலாம். பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடு. மிச்சமிருக்கிற லயத்தில் வங்காளதேசத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் அதே இடத்தில்தான், திருவிழாவுக்கு மட்டும் எங்கெங்கிருந்தோ கார் வந்து வழியை அடைக்கிறது.

உன் ரவிக்கை அளவை மருமகளிடம் சொல்லி சேகர் போனுக்கு அனுப்பச் சொல். பெண் வீட்டுப் பெரிய மனுஷிகளுக்கெல்லாம் ஒரே கலரில் சேலை எடுக்கிறார்கள். தேவி வெளிர் பச்சை என்றாள். அந்தக் கலரில் நாம் இரண்டு பேரும் நின்றால் முருங்கைக்காய் மாதிரி இருப்போம் என்று சொல்லி, அரக்குக்கு மாற்ற வைத்திருக்கிறேன். வேறு கலர் வேண்டுமானால் அடுத்த வாரத்துக்குள் எழுது.

அன்புடன்,
லெட்சுமி