ஆங்கில வரிகளில் போல்டு இட்டாலிக்: அச்சுக்கு அனுப்பும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அழைப்பிதழோ விலைப்பட்டியலோ, ஆங்கில வரி வருமிடத்தில் ‘டைம்ஸ் நியூ ரோமன், போல்டு இட்டாலிக்’ (தடித்துச் சாய்ந்த எழுத்து) என்று பலரும் குறித்து அனுப்புகிறீர்கள். நல்ல எழுத்துதான். ஆனால் வருகிற கோப்புகள் சிலவற்றில் இருப்பது அசல் போல்டு இட்டாலிக் அல்ல.

லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் 1932இல் டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துக்கு மாறியது. குறுகிய பத்தியில் நிறையச் சொற்கள் அடங்க வேண்டும் என்பதும் ஒரு நோக்கம். சாதாரணம், போல்டு, இட்டாலிக், போல்டு இட்டாலிக் நான்கும் தனித்தனியே வரையப்பட்டவை. கணினியிலும் நான்கு தனிக் கோப்புகள். ஓர் எழுத்துக் குடும்பத்தில் சாதாரணம் தவிர மற்றக் கோப்புகள் இல்லையென்றால், மென்பொருள் சாதாரண எழுத்தையே சாய்த்து, ஓரத்தைத் தடித்து ஒப்பேற்றிவிடும். திரையில் சட்டென்று தெரியாது. அச்சில் மெல்லிய கோடும் தடித்துப்போய், எழுத்தின் உள்வெளி அடைத்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்க, ஆங்கிலச் சின்ன ‘ஏ’வை (a) பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் அது ஒற்றை வயிற்றோடு, கையெழுத்துப் போல இருக்கும். சின்ன ‘எஃப்’பின் (f) வால் வரிக்குக் கீழே இறங்கும். போலியில் ‘ஏ’வின் தலைக்கொக்கி அப்படியே சாய்ந்து நிற்கும். எல்லாம் கேப்பிட்டலாக இருந்தால் இந்தச் சோதனை பலிக்காது. முழு வரியையும் கேப்பிட்டல் போல்டு இட்டாலிக்கில் போடவே வேண்டாம் என்போம். படிக்கக் கண் திணறும்.

போல்டு இட்டாலிக் என்பது தலைப்பு, பொருளின் பெயர், விலை போன்ற சின்ன இடங்களுக்கான எழுத்து. பத்தி முழுக்கப் போட்டால் எதுவுமே எடுப்பாக நிற்காது. விலைப்பட்டியலுக்கு டைம்ஸ் கைகொடுக்கும்: நான்கு வகையிலும் எண்களின் அகலம் ஒன்றுதான். ஒரே ஒரு விலையை மட்டும் போல்டு இட்டாலிக் ஆக்கினாலும் எண்களின் வரிசை கலையாது. ஜார்ஜியா என்ற எழுத்தில் 3, 4, 5, 7, 9 வரிக்குக் கீழே இறங்கும். விசிட்டிங் கார்டில் போன் எண் மேலும் கீழுமாகத் தெரியும்.

சாய்ந்த எழுத்தை அடுத்து நேரான அடைப்புக்குறி வந்தால் ‘எஃப்’ (f), ‘டி’யின் (d) தலை அதில் இடிக்கும். அங்கே கெர்னிங் (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) கொஞ்சம் கூட்டுங்கள்.

தமிழ் வரிக்கு இட்டாலிக் பொத்தானைத் தொட வேண்டாம். விண்டோஸின் தமிழ் எழுத்துகளான லதா, நிர்மலா இரண்டிலும் இட்டாலிக் கோப்பே கிடையாது. வருவது வெறும் சாய்வு. மெய்யெழுத்தின் புள்ளி வலப்பக்கம் ஒதுங்கிவிடும். அழுத்தம் வேண்டுமானால் போல்டு போதும்.

தாளையும் பார்க்க வேண்டும். மேப்லித்தோவில் (பூச்சில்லாத தாள்) மை பரவும். 8 பாயின்ட்டுக்குக் கீழே ஆங்கிலச் சின்ன ‘இ’யின் (e) கண் அடைபடும். நான்கு வண்ணப் பின்னணியில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் 10 பாயின்ட்டாவது வையுங்கள், ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது) மயிரிழை விலகினாலும் மெல்லிய கோடு மறைந்துவிடும். கறுப்பு எழுத்துக்கு 100 சதவீதக் கறுப்பு மட்டும், மற்ற மூன்று மையும் பூஜ்யம். தங்க ஃபாயிலுக்கு (பளபளக்கும் தங்க நிறத் தகடு ஒட்டும் அச்சு) போடோனி என்ற எழுத்தில் போல்டு இட்டாலிக் கேட்பவர்கள் கவனிக்கவும்: அதில் தடித்த கோடு எவ்வளவு தடிப்போ, மெல்லியது அவ்வளவு மெலிவு. கால் மில்லிமீட்டருக்குக் கீழான கோடு ஃபாயிலில் விட்டுப்போகும். பெரிய அளவில் மட்டுமே அதை எடுப்போம்.

கோரல் (கோரல்டிரா மென்பொருள்) கோப்பைக் கர்வ் செய்து, அதாவது எழுத்துகளை வெறும் கோட்டு வடிவமாக மாற்றி, அனுப்புங்கள். கூடவே கர்வ் செய்யாத மூலக் கோப்பும், எழுத்தின் பெயரும் வேண்டும். கர்வ் ஆனபின் ஓர் எழுத்துப்பிழையைக்கூட எங்களால் தட்டித் திருத்த முடியாது.

இப்படிக்கு,
அச்சகத்தார்