மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. "எழுத நேரமில்லையா, மனமில்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் இருக்கிறது அண்ணே, நாள்தான் ஓடிவிடுகிறது.

கயல் பள்ளிக்கூடத்தைப் பற்றி அண்ணி கேட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, கருநீல பினாஃபோர், கறுப்புச் சப்பாத்து (ஷூ). முந்தி வெள்ளைச் சப்பாத்தாம். 2021-இலிருந்து எல்லோருக்கும் கறுப்பு. இந்தச் செம்மண்ணுக்கு அதுதான் சரி. 2025-இலிருந்து சட்டையில் தேசியக்கொடிச் சின்னம் வேறு.

நெஞ்சுப் பக்கம் பெயர்ப்பட்டையும் உண்டு. ரோட்டில் போகிறவன் அதைப் படித்து, "கயல், அப்பா கூட்டி வரச் சொன்னார்" என்றால் பிள்ளை நம்பிவிடாதா? அதனால்தான் தைக்க வேண்டாம், கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கட்டும் என்று 2022-இல் கல்வி அமைச்சு சொல்லிவிட்டது. பள்ளி வாசலைத் தாண்டும்முன் கழற்றிப் பென்சில் டப்பாவில் போட இவளைப் பழக்கியிருக்கிறேன்.

லெட்சுமி ஆயாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலேயே தோட்டத்துப் பிள்ளைகள் சட்டையிலெல்லாம் பெயர் தைத்துக் கொடுத்தவர் அல்லவா? "ஆசையா வச்ச பேரக் கழட்டி டப்பாவுல போடுறதா?" என்று கொடியில் காய்ந்த சட்டையை எடுத்துப்போய்த் தைத்தேவிட்டார். ராத்திரி உட்கார்ந்து பிரித்தேன். மறுவாரம் மறுபடி தையல், இந்தத் தடவை இரட்டை நூல்! திட்டவும் முடியாது. காலையில் நெத்திலிச் சம்பலோடு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம் கட்டித் தருகிறவர் அவர்தான்.

வேனை நிறுத்திவிட்டோம், நானே நடத்திக் கூட்டிப்போகிறேன். காலுக்கும் நல்லது. கயல் அப்பாவுக்குச் செம்பனை ஆலையில் ஓவர்டைம் குறைந்துவிட்டது. நேரத்தோடு வீட்டுக்கு வருகிறார்.

போன வாரம் பள்ளியில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பிள்ளையை அழைத்துப்போக வருகிறவர்கள் பெயரை எழுத வேண்டும், மூன்று கோடு. எங்கள் இரண்டு பேர் பெயரை எழுதினேன். மூன்றாவதில் கை தானாகத் தாய்மாமன் என்று உங்கள் பெயரை எழுதிவிட்டது. டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்துவிட்டு லெட்சுமி ஆயா பெயரைப் போட்டேன்.

சரி, அதை விடுங்கள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷனை ஐப்பசிக்குள் முடித்துவிடுங்கள். மதுரைக்குச் சித்தியும் கூடப் போகட்டும்; உங்களோடு மட்டும் போனால் அம்மா டாக்டரிடம் வாயே திறக்க மாட்டார்கள். போட்டோவில் என் கையில் வளையல் இல்லையே என்று கேட்டார்களாமே, வேர்வைக்குக் கழற்றி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள். வடக்குக் காட்டுப் பத்திரத்தில் என் கையெழுத்து வேண்டுமென்றால் அனுப்புங்கள், போட்டுத் தருகிறேன். செல்லையா மாமா வேலியை நம் பக்கம் தள்ளியிருந்தால் சர்வேயரை வைத்து அளந்த பிறகு பேசுங்கள். அதுவரை அண்ணியை அந்தப் பக்கம் போக விடாதீர்கள்.

அன்புத் தங்கை,
மீனா