சென்னபட்டணத்துக் கடைசல்காரருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு மலரில் அமெரிக்க மரச்சிற்பி மார்க் லிண்ட்குவிஸ்ட் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நான் பெங்களூர் பீன்யா தொழிற்பேட்டையில் டர்னராக, அதாவது லேத் என்கிற கடைசல் இயந்திரம் ஓட்டுகிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன். லேத் ஓட்டுகிறவனைப் பற்றி நம் பத்திரிகைகளில் ஒரு வரி வந்தாலே பெரிய விஷயம். முழுப்பக்கம் என்றதும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். படங்கள் அருமை. ஆனால் மனிதர் ஏதோ காட்டில் தவம் கிடந்து கலையைப் பெற்றுவந்த மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அப்பா மெல்வினை, மரவேலையில் ஆர்வம் உள்ளவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மெல்வின் எங்கள் ஆள். அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி ஊரில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் வெர்டிகல் டர்ரெட் லேத் என்கிற பெரிய இரும்புக் கடைசல் இயந்திரம் ஓட்டியவர், பிறகு தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனவர். மரத்தில் குறுகிய வாய் வைத்த ஜாடியை உள்ளே குடைந்தெடுக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். உளி உள்ளே போனபிறகு முனை கண்ணுக்குத் தெரியாது. சத்தத்தையும், கைக்கு வரும் அதிர்வையும் வைத்துத்தான் கடையவேண்டும். நீளமான போரிங் பார் (துளைக்குள் விட்டுக் குடையும் உளித்தண்டு) போட்டு இரும்பைக் குடைந்தவர்களுக்கு இது புரியும். பார் அதிரத் தொடங்கினால் சத்தம் மாறும், அந்த நொடியே கை தானாக ஃபீடை, அதாவது உளி முன்னேறும் வேகத்தை, குறைக்கும். மகன் லேத் பழகியது இந்த அப்பாவிடம்தான்.

இன்னொன்று. எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன்காரர் என்றால் ஒரு நடுக்கம் உண்டு. வார்த்தெடுத்த கேஸ்டிங்கைக் கடையும்போது உள்ளே ஒரு புளோ ஹோல், அதாவது காற்றுக் குழி, தெரிந்தால் போதும், சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாக வைத்துவிட்டுப் போய்விடுவார். மூன்று மணிநேர வேலை பழைய இரும்புக்குப் போகும். மெல்வினுக்கும் பகலெல்லாம் இதே உத்தியோகம். ஆனால் 1960-களின் கடைசியில் அப்பாவும் மகனுமாகத் தேடித் தேடி எடுத்தது எதை? பாதி மக்கிப்போன மரத்தை! விறகுக்குக்கூட ஆகாது என்று மற்றவர்கள் தள்ளியதை. ஆங்கிலத்தில் ஸ்பால்டட் வுட் என்கிறார்கள். விழுந்து கிடக்கும் மரத்துக்குள் பூஞ்சைகள் இறங்கும். இரண்டு பூஞ்சைக் கூட்டம் முட்டிக்கொள்ளும் இடத்தில், பங்காளிகள் நடுவே வரப்புப் போட்டுக்கொள்வதுபோல, கறுப்பாக ஒரு கோடு விழும். நீங்கள் போட்ட படத்தில் கிண்ணத்தின்மேல் பேனாவால் வரைந்தது போலத் தெரிகிறதே, அது அந்தக் கோடுதான். யாரும் வரையவில்லை.

கடைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரே சுற்றில் உளிக்கு ஒரு பக்கம் கெட்டி மரம், மறுபக்கம் மக்கல். கெட்டியான இடம் உளியைத் தள்ளும், மக்கிய இடம் உள்ளே இழுக்கும். லேத்தின் டூல் போஸ்டில் (உளியைப் பிடித்து நிறுத்தும் தாங்கியில்) இறுக்கிக் கட்டிய உளியோடு வேலை செய்த எனக்கே படித்ததும் கை கூசியது. அவர்கள் வெறும் கையில் உளி பிடித்தவர்கள். (யாராவது முயற்சி செய்வதாக இருந்தால் முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.)

மற்றதெல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 1969-இல் ஒரு குயவரிடம் வேலை பழகியது, ஜப்பானிய மட்பாண்டங்களின் மேல் பிடிப்பு, நியூ ஹாம்ப்ஷயரில் பட்டறை, பிறகு ஃபுளோரிடாவில் சங்கிலி ரம்பத்தால் அறுத்து நிறுத்திய ஆள் உயரச் சிற்பங்கள், 1996-இல் வாஷிங்டன் ரென்விக் கேலரியில் கண்காட்சி. விட்டுப்போனது ஒன்றுதான். 1978-இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் தன் சேகரிப்பில் சேர்த்தது மகனுடைய வேலையை மட்டும் இல்லை, அப்பாவுடையதையும்.

சரி, இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்? பெங்களூரிலிருந்து மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர் போனால் சென்னபட்டணம், கடைசல் மரப்பொம்மைகளுக்குப் பேர்போன ஊர். பொம்மை கடைகிற மரத்தை அங்கே ஆலே மரம் என்கிறார்கள், நம் ஊரில் சொரியாசிஸுக்கு எண்ணெய் காய்ச்சுகிற அதே வெட்பாலைதான். அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தில் அழுத்திப் பிடிப்பார்கள். உரசுகிற சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் மரத்தில் ஏறும். அப்புறம் தாழை மடலை மடித்து மேலே ஒரு அழுத்து. மங்கலாக இருந்தது கண்முன்னே பளபளக்கும். எவ்வளவு அழுத்தினால் அரக்கு கருகும், எவ்வளவில் திட்டு விழும் என்பது எந்த அளவுகோலிலும் இல்லை, அந்தக் கையில் இருக்கிறது. எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அங்கே மஞ்சக்கடம்பில் சொப்புச் சாமான் கடைகிறவர்களையும் பார்த்து வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன், இது சின்ன வித்தை இல்லை.

ஆனால் சென்னபட்டணம் பற்றி எந்தப் பத்திரிகை எழுதினாலும் திப்பு சுல்தான் காலத்தில் தொடங்கி, 'கைவினைஞர்கள்' என்று மொத்தமாக ஒரு சொல்லைப் போட்டு, கடை அலமாரியைப் படம் எடுத்து முடித்துவிடுகிறார்கள். ஒரு ஆளின் பெயர் வராது. யாரிடம் கற்றார், இருபது வருடத்துக்கு முன் எப்படிக் கடைந்தார், இப்போது எப்படிக் கடைகிறார் என்று யாரும் கேட்பதில்லை. லிண்ட்குவிஸ்ட் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தால் பெயரும் ஆண்டும் இருக்கும்.

பொம்மையும் சிற்பமும் ஒன்றா என்று என் பழைய ஷிஃப்ட் நண்பர் கேட்டார். ஒன்றில்லைதான். ஆனால் மெல்வின் மக்கல் மரத்தோடு மல்லுக்கட்டியபோது அவருக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. கிண்ணம் உடைந்தால் அடுப்பு அணையாது. பொம்மைக்கு இவ்வளவு என்று எண்ணிக் கூலி வாங்குகிறவர், எப்போது வேண்டுமானாலும் பிளக்கக்கூடிய ஒரு மரத்துக்கு ஒரு நாளை எப்படிக் கொடுப்பார்? மரத்துக்கா இங்கே பஞ்சம்? ஏப்ரல், மே மழையில் எங்கள் தாசரஹள்ளிப் பக்கம் விழுகிற மரங்கள் மாதக்கணக்கில் நடைபாதையோரம் மக்குகின்றன.

உங்கள் நிருபரை ஒரு தடவை சென்னபட்டணத்துக்கு அனுப்புங்கள். கடைக்கு வேண்டாம், பட்டறைக்கு. ஒரே ஒரு ஆளைப் பிடித்து, வேலை முடிந்தபிறகு தனக்காக எதையாவது கடைந்து வைத்திருக்கிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். பெயரோடு போடுங்கள், அதே முழுப்பக்கத்தில். காலை ரயிலில் போனால் மாலைக்குள் திரும்பிவிடலாம். லேத் சமாச்சாரம் புரியாது என்று நிருபர் தயங்கினால் நானும் கூட வருகிறேன், டிக்கெட் என் செலவு.

இப்படிக்கு,
ப. மு.,
தாசரஹள்ளி, பெங்களூரு