லீவ் லெட்டர் போதும், கப்பல் தவறிய மெயிலை எழுதச் சொல்லுங்கள்

தமிழகக் கல்லூரிகளுக்கு ஆங்கிலப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவை, அதாவது ஆர்டர் எடுப்பதிலிருந்து சரக்கு கப்பல் ஏறும்வரை கவனிக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மாணவர்கள்தான் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். துணி, தையல், கணக்கு எல்லாம் சீக்கிரம் பழகிவிடும். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னால்தான் தடுமாறுகிறார்கள்.

இலக்கணத்தை நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கும் பையருக்கும் ஆங்கிலம் படித்துத் தெரிந்துகொண்ட மொழிதான். டென்ஸ் பிசகினால் கண்டுகொள்ள மாட்டார். மெயில் முழுக்கப் பணிவு இருக்கிறது, விஷயம் இல்லை. அதுதான் தொல்லை.

சாயம் போட்டு வந்த நேவி துணியின் ஷேடு, பையர் ஒப்புக்கொண்ட சாய மாதிரித் துணியோடு, அதாவது லேப் டிப்போடு, சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பச் சாயம் போட வேண்டும். தூத்துக்குடியில் அந்த வாரக் கப்பல் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர் இதை எப்படி எழுதுவார்? சப்ஜெக்டில் "ரிகார்டிங் ஆர்டர்". உள்ளே நலம் விசாரிப்பு, அப்புறம் தவிர்க்க முடியாத சூழ்நிலைகளுக்கு வருந்தி ஒரு பத்தி, கடைசியில் "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்". எந்த ஆர்டர், எத்தனை நாள் தாமதம், பையர் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் இருக்காது.

அவர் திருப்பிக் கேட்பார். நியூயார்க் பையர் என்றால் நமக்குக் காலை, அவருக்கு இரவு. ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு நாள் போய்விடும். அதற்குள் அடுத்த கப்பலும் கைவிட்டுப் போனால் சரக்கை விமானத்தில்தான் ஏற்ற வேண்டும். தாமதம் நம் பக்கம் என்றால் அந்த ஏர் ஃபிரைட் பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். ஆர்டரின் லாபமே அதில் போய்விடலாம்.

அதே செய்திக்கு சப்ஜெக்டில் பி.ஓ. எண் (பையர் தந்த ஆர்டரின் எண்), ஸ்டைல் எண் (ஆடை மாடலின் எண்), "6 நாள் தாமதம், வியாழனுக்குள் உங்கள் முடிவு வேண்டும்" என்று போட்டால் போதும். முதல் வரியில் ஷேடு தவறியதும் புதிய கப்பல் தேதியும். அடுத்து, முழுச் சரக்கையும் சேர்த்து அனுப்பவா, தயாராக இருக்கும் மற்ற நிறங்களை முதலில் ஏற்றவா என்ற கேள்வி. மன்னிப்பு ஒரே வாக்கியம். மெயிலுக்கு முன்பு லைன் வழியாகத் தட்டச்சுச் செய்தி அனுப்பிய டெலக்ஸ் காலத்து ஆட்கள் இப்படித்தான் எழுதினார்கள். லைனில் இருக்கும் நேரத்துக்கெல்லாம் காசு.

பாடத்தில் மெயில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வடிவம் மட்டும். பள்ளியில் "ரெஸ்பெக்டட் சார்" என்று லீவ் கேட்டுப் பழகிய கை, பையரிடமும் கருணை மனுதான் போடுகிறது. இப்போது ஏஐ வேறு வந்து அந்த மனுவை அழகாக்கித் தருகிறது. புதிய கப்பல் தேதியை நாம் சொல்லாமல் அது எங்கிருந்து எடுக்கும்?

சின்னச் சின்ன விஷயங்களையும் சேருங்கள். 05/06 என்பது அமெரிக்கருக்கு மே 6, ஐரோப்பியருக்கு ஜூன் 5. மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 1,50,000 பீஸ் என்று நாம் எழுதுவதை ஆங்கில மெயிலில் அவர்கள் 150,000 என்றுதான் எதிர்பார்ப்பார்கள். பையரின் மேலாளரைக் கேட்காமல் சிசியில் சேர்த்தால் புகார் செய்வது போலப் படும். இதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகு திட்டு வாங்கித்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். தேர்வில் ஒரு கெட்ட செய்தியைக் கொடுத்து மெயில் எழுதச் சொல்லுங்கள். விடைத்தாளை வேறு துறை ஆசிரியர் ஒருவர் படிக்கட்டும். தான் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்று அவரால் சொல்ல முடிந்தால் மதிப்பெண் போடுங்கள், ஸ்பெல்லிங் ஒன்றிரண்டு தப்பினாலும் சரி. கேள்விக்கு நிலவரங்கள் வேண்டுமென்றால் எங்கள் ஊர் மெர்ச்சண்டைசர்கள் யாரைக் கேட்டாலும் தருவார்கள், பையர் பெயரை மட்டும் அடித்துவிட்டு.

இப்படிக்கு,
திருப்பூர் மெர்ச்சண்டைசிங் மேலாளர் ஒருவர்