அழுகண்ணி பிழைத்துவிட்டது

சாட்ஸ்வர்த், டர்பன்,
ஆகஸ்ட் கடைசி

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் சுகம். பெரியக்காவுக்குத்தான் இருமல் விடவில்லை. உன் வீட்டுக்காரருக்கு முட்டிவலி குறைந்ததா?

இரண்டு மாதமாக உன் போனை எடுக்காமல் இருந்தேன். வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கேப்டவுனுக்குக் குடிபோகும்போது என் கையில் கொடுத்துவிட்டுப் போனாயே, அந்தப் பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடி செத்துவிட்டது என்றே நினைத்தேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூனில் மூன்று வாரம் ஜோகன்னஸ்பர்க்கில் மகள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, தட்டில் எப்போதும் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்கவேண்டும், டிரம்மில் உள்ள மழைத்தண்ணீர்தான் ஊற்றவேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். டர்பன் குளிர்காலம் உனக்குத் தெரியாததா? உங்கள் பக்கம் கொட்டுகிற மாதத்தில் இங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். டிரம் வற்றியதும் அவர் குழாய்த் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். செடி வாடுகிறதே என்று பதறி, தன் ரோஜாவுக்குப் போடும் உரத்தையும் கரைத்து ஊற்றிவிட்டார். அவர்மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை. பிள்ளைக்குப் பசிக்குமே என்று ஊட்டுகிற மனசு அது. வேறு எந்தச் செடியாக இருந்தாலும் தழைத்திருக்கும். சத்தே இல்லாத ஈரமண்ணில் வளர்ந்து பழகிய செடி இது. வேர் தண்ணீருக்கு, சாப்பாடு இலை பிடிக்கும் பூச்சியிலிருந்து. உரமும் குழாய்த் தண்ணீரின் உப்பும் சேர்ந்தால் அந்த வேர் கருகிவிடும்.

வந்து பார்த்தால் இலையெல்லாம் கறுத்துச் சாய்ந்து கிடந்தது. ஓர் இலையில்கூடப் பூச்சி ஒட்டும் பசைத் துளி இல்லை. பள்ளி விட்டு வரும் வழியில், ஈரச் சரிவில் தரையோடு ஒட்டிச் சிவப்பாகக் கிடந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய் உன் ஆயாவிடம் காட்டினோமே, நினைவிருக்கிறதா? ‘அழுகண்ணிடி இது, பிடுங்கிய இடத்திலேயே வைத்துவிட்டு வாங்க’ என்று துரத்தினாரே. அந்தக் குரல்தான் காதில் கேட்டது. படியில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் எழுந்தேன். தொட்டியைக் கவிழ்த்து, மண்ணை உதறி, வேரைக் காய்ச்சி வடித்த நீரில் அலசினேன். பீட் பாசியும் (சதுப்பில் மக்கிய பாசி) சிலிக்கா மணலும் சரிபாதி கலந்து நட்டேன். கடற்கரை மணல் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதிலும் உப்பு. கறுத்ததையெல்லாம் அடியோடு கத்தரித்தேன். ஆறு வாரம் வெறும் மண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அம்மனுக்கு விளக்கேற்றும்போது இதற்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வேரிலிருந்து மூன்று முளை, செல்வி! கடுகளவு. நேற்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். சுருண்ட நுனியில் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிரின் தலையிலும் ஒரு துளி. போனைக் கையில் எடுத்தேன், அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் கடிதமே எழுதுகிறேன்.

உன் வீனஸ் ஈப்பொறியைப் பற்றியும் கேள்விப்பட்டேன். வருகிறவர்களுக்கெல்லாம் விரலை விட்டு மூடிக் காட்டுகிறாயாமே! பொறி இலைக்குள்ளே இருக்கும் மயிரை இருபது நொடிக்குள் இரண்டு தரம் தொட்டால் மூடிக்கொள்ளும், சரி. பூச்சி இல்லாமல் மூடுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கு நஷ்டம்தானே? குளிர்காலத்தில் வீட்டுக்குள் கதகதப்பாக வேறு வைத்திருக்கிறாய். அமெரிக்காவில் கரோலினாச் சதுப்புநிலத்துச் செடி அது. மூன்று நான்கு மாதம் குளிரில் தூங்கியாக வேண்டும். அடுத்த மே மாதம் வெளியே வைத்துவிடு. வகுப்பில் என்னைக் கிள்ளி எழுப்பிய கை சும்மா இருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. இதைத் தள்ளிவிடாதே. உங்கள் பக்கத்து பெய்ன்ஸ்க்லூஃப் மலைப் பள்ளத்தாக்கிலிருந்து தோண்டி வந்த பெரிய அழுகண்ணி ஒருவரிடம் விலைக்கு இருக்கிறது, வாங்கவா என்று கேட்டிருந்தாயே. வாங்காதே. டிரோசெரா ரீஜியா என்ற இனம் அது. இலை மட்டுமே முக்கால் மீட்டர் பக்கம் நீளும், பார்த்தால் எனக்கும் ஆசை வரும்தான். ஆனால் உலகத்திலேயே அந்த ஒரு பள்ளத்தாக்கில்தான் அது காட்டில் வளர்கிறது. நீ ஒன்று வாங்கினால் அந்த ஆள் மறுபடியும் மண்வெட்டியோடு மலை ஏறுவான். ஆசையாக இருந்தால் வேர்த்துண்டிலிருந்து வளர்த்துத் தருகிற நர்சரியைத் தேடு, கிடைக்கும்வரை நானும் உன்னோடு காத்திருக்கிறேன்.

டிசம்பரில் வருகிறாய்தானே? மூன்று முளையில் ஒன்று உனக்கு, அதற்குள் தனித் தொட்டியில் நட்டுவைக்கிறேன். வரும்போது அந்த மஞ்சள் குடையைக் கொண்டு வா.

அன்புடன்,
உன் பாக்கியம்