ஆச்சியிடம் மட்டும் ஏன் பாதி விலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், திருநெல்வேலி டவுன் கடைத்தெருவில் தோழியோடு ஒரு நாள் சுற்றிப் பார்ப்பது பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நெல்லையப்பர் கோயில், நாலு ரத வீதி, அல்வா, கருப்பட்டி என்று எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு யோசனை சொல்லியிருந்தீர்கள். தரையில் விரித்து விற்பவர்களிடம் சொன்ன விலையில் பாதியிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். ஒத்துவராவிட்டால் நடையைக் கட்ட வேண்டுமாம், அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். எழுதியவர் சின்ன வயதுக்காரராக இருக்கலாம். அச்சுக்கு அனுப்பும்போது நீங்களாவது அதைப் பார்த்திருக்க வேண்டாமா?

அந்த யோசனை என்ன செய்யும் என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். என்னோடு கல்லூரியில் படித்த தோழி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு டவுனுக்குப் போயே ஆக வேண்டும் என்றாள். கோயிலுக்குப் போய்விட்டு வடக்கு ரத வீதி வழியாக நடந்தோம். வெயில் ஏறுவதற்குள் நல்ல கூட்டம். ஓரமாகச் சாக்கை விரித்து ஒரு ஆச்சி சிறுகிழங்கும் பனங்கிழங்கும் வைத்திருந்தார்கள். சிறுகிழங்கு கிலோ 80 ரூபாய் என்றார்கள். தோழி 40 என்றாள். "என்னம்மா இப்பிடிக் கேக்கிய? வாங்குன வெலைக்கே வராதே" என்றார்கள் ஆச்சி. இவள் நீங்கள் எழுதியிருந்தபடியே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் ஆச்சி கூப்பிட்டுவிட்டார்கள். 50 ரூபாய்க்கு முடிந்தது. தோழிக்கு ஒரே சந்தோஷம். மீதி 30 ரூபாயை நான் கொடுக்கப் போனால் ஆச்சி வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள். "பேசுன வெலை பேசுனதுதான் தாயி."

அன்றைக்கே ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கும் போனோம். அங்கே சேலையில் ஒட்டியிருந்த விலையை என் தோழி வாய் திறக்காமல் கொடுத்தாள். சாயங்காலம் கீழ ரத வீதியில் அல்வாவுக்காக வரிசையில் நின்றோம். அங்கேயும் யாரும் பாதி விலைக்குக் கேட்கவில்லை. குறைத்துக் கேட்கும் தைரியமெல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் வருகிறது. அந்த தைரியத்துக்கு இப்போது உங்கள் பத்திரிகையும் ஒரு சாட்சியாகிவிட்டது. பல வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவள் என்பதால்தான் எனக்கு இவ்வளவு வருத்தம்.

பேரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து பத்து குறைத்துக் கேட்பதும், கொசுறுக்கு நாலு கறிவேப்பிலை கேட்பதும் சந்தையில் உள்ளதுதான். அதில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரு பழக்கம் உண்டாகும். பாதி விலை என்பது அந்தக் கணக்கில் வராது. விடியும் முன்பே நயினார்குளம் மொத்தச் சந்தைக்குப் போய் மூட்டை எடுக்க வேண்டும், ஆட்டோ கூலி கொடுக்க வேண்டும். சிறுகிழங்கை மண்ணோடுதான் எடை போட்டு வாங்குவார்கள். மண்ணையும் பொடிக்கிழங்கையும் கழித்தால் எவ்வளவு மிஞ்சும் என்பது, அதைச் சாக்கில் போட்டு அடித்துத் தோலெடுக்கிற எந்த நெல்லை வீட்டுக்காரிக்கும் தெரியும்.

பனங்கிழங்கு இன்னும் பாடு. என் மாமியார் திசையன்விளைப் பக்கத்துக்காரர்கள். விழுந்த பனம்பழத்தின் கொட்டையைப் பொறுக்கிச் சேர்த்து, மணலில் பாத்தி போட்டுப் புதைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, பொங்கலை ஒட்டித் தோண்டி எடுப்பார்கள். கட்டிச் சுமந்துகொண்டு டவுனுக்கு வந்தால் "இதென்ன, சும்மா முளைச்சதுதானே" என்று கேட்பவர்களும் உண்டு. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் மூடி வைத்திருந்தபோது, அங்கே பயணிகளை நம்பிக் கிழங்கும் நுங்கும் பூவும் விற்றவர்கள் எங்கே போனார்கள் என்று அன்றைக்கே உங்களுக்கு எழுதினேன். அந்தக் கடிதத்தை நீங்கள் போடவில்லை.

அப்புறம் வியாபாரத்துக்குப் போடும் முதல். இவர்களில் பலருக்குக் கைமுதல் கிடையாது. காலையில் 900 ரூபாய் கடன் வாங்கினால் சாயங்காலம் 1000 ஆகக் கட்ட வேண்டும். கந்துவட்டி என்ன செய்யும் என்பது 2017 அக்டோபரில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது நாடே பார்த்தது. அதிகவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. தெரு வியாபாரிகளுக்காக 2020-ல் மத்திய அரசு கொண்டுவந்த ஸ்வநிதி திட்டத்தில், தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாயாக இருந்தது. ஆனால் அதற்கும் விற்பனைச் சான்றோ, அடையாள அட்டையோ, உள்ளாட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கு இதையெல்லாம் யார் வாங்கிக் கொடுப்பது? ஒரு கிலோவில் 30 ரூபாய் அடிபட்டால் அன்றைய வட்டியை எங்கிருந்து கட்டுவார்கள்?

2014-ன் தெரு வியாபாரிகள் சட்டம் தாங்கள் அறியாததல்ல. அதன்படி ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும், கணக்கெடுத்துச் சான்று கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்பே அறிவிப்புத் தர வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளைக் கேட்ட அன்றைக்கேயும் மற்றதை இரண்டு வேலை நாளுக்குள்ளும் திருப்பித் தர வேண்டும். இதையெல்லாம் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கள் பகுதிக்குக் காய் கொண்டுவரும் அக்காவின் தராசை ஒரு நாள் அதிகாரிகள் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பட்டியலும் இல்லை, ஒரு துண்டுச் சீட்டும் இல்லை. இன்றுவரை தராசு வரவில்லை. ரத வீதிகளில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்திருக்கும் பெண்கள் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று உங்கள் பெண் நிருபர் ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு, அவர்களிடம் பாதி விலைக்கு வாங்குவது எப்படி என்று மட்டும் சொல்லிக் கொடுத்தது எந்த நியாயம்?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. இணையத்தில் இருக்கும் கட்டுரையிலிருந்து அந்த யோசனையை எடுத்துவிடுங்கள். தங்கம், வெள்ளி விலையை நாள் தவறாமல் போடுகிறீர்கள். அதன் கீழே நயினார்குளம் மொத்த விலையையும் மகாராஜநகர் உழவர் சந்தைப் பலகை விலையையும் பக்கம் பக்கமாகப் போடுங்கள். தக்காளி, வெங்காயத்தோடு நிறுத்தாமல் சீசனில் சிறுகிழங்கையும் பனங்கிழங்குக் கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆச்சி என்ன விலைக்கு எடுத்திருப்பார்கள் என்று தெரிந்தால் வாங்குபவர் அதற்குத் தகுந்தபடி கேட்பார். முதல் பக்கத்தில் இடமில்லை என்றால் உள்பக்கத்தில் ஓரமாகப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பேட்டை, திருநெல்வேலி.