பஸ்ராவுக்குப் போனவரின் நாளைக் கண்டுதந்தோருக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

முதல் உலகப் போரின்போது மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையில் சேர்ந்து மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) கப்பலேறி, அங்கேயே உயிர்நீத்த எங்கள் கொள்ளுத்தாத்தா இறந்த நாளை அறிய உதவிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் சார்பில் இம்மடலை எழுதுகிறேன். வீட்டில் அவரை ‘பஸ்ராவுக்குப் போனவர்’ என்றே சொல்வார்கள். நாள் தெரியாததால் அவருக்கென்று தனியே திதி கொடுத்ததில்லை. மகாளய அமாவாசையன்று முன்னோர் எல்லோருக்கும் போடும் இலையே அவருக்கும். தகப்பன் முகத்தைப் பார்த்தறியாத என் பாட்டிக்கு இந்தக் குறை கடைசிவரை ஆறவில்லை.

முதல் நன்றி, அந்தப் படையின் இன்றைய வடிவமான பெங்களூரு மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்பில் பணியாற்றி ஓய்வுபெற்று எங்கள் தெருவில் வசிக்கும் சுபேதார் ஐயாவுக்கு. பூஜை மாடத்தில் இருந்த வெள்ளிப் பதக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலையை மட்டுமே நாங்கள் பார்த்திருந்தோம். அவரோ அதைக் கையில் வாங்கியதும் விளிம்பைத் திருப்பி, பல்லாண்டு காலம் படிந்திருந்த திருநீற்றை ஈரத்துணியால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். படை எண், பதவி, பெயர், பிரிவு நான்கும் அங்கே பொறிக்கப்பட்டிருந்தன. “நம்ம தம்பிதாங்க” என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. சாப்பர் படையினரைத் ‘தம்பி’ என்றழைப்பது அந்தப் படையின் வழக்கம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அடுத்து, லண்டனில் வாழும் தோழிக்கு. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் பெயரை வைத்துத் தேடி நான் பலமுறை தோற்றிருந்தேன். ‘சாமி’ என்று முடியும் பெயரை அக்கால எழுத்தர்கள் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! பெயரை விட்டுவிட்டு எண்ணைக் கொண்டு தேடியவர் அவர்தான். தந்தை பெயர், ஊர் ‘ஆர்னி’, மாவட்டம் வட ஆற்காடு, இறந்த நாள் 1917 ஆகஸ்ட் 10, நினைவிடம் பஸ்ரா எனப் பதிவு முழுமையாகக் கிடைத்தது. மரணத்தின் காரணம் அதில் இல்லை.

40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூரும் அந்தப் பஸ்ரா நினைவுச்சின்னத்தின் பலகைகளில் இந்தியப் படை அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் உண்டு என்பதையும், சாதாரண வீரர்கள் பிரிவுவாரியாக வெறும் எண்ணிக்கையாகவே பொறிக்கப்பட்டார்கள் என்பதையும் அவர்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். இத்தகைய பாகுபாட்டுக்காக ஆணையம் 2021-இல் மன்னிப்புக் கேட்டிருக்கிறது. ஆயினும், அந்தக் கல்லில் அவர் பெயர் இல்லை என்பது எங்களுக்குத் தீராத வருத்தமே. ஏட்டிலாவது எழுதிவைத்தார்களே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

‘ஆர்னி’ நம் ஆரணியே என்று உறுதிசெய்து, பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, அந்த நாள் பிங்கள வருஷம் ஆடி மாதத் தேய்பிறை அஷ்டமி என்று கணித்துக் கொடுத்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கும் எங்கள் வணக்கம். அதற்கென அவர் ஒரு ரூபாய்கூடப் பெற்றுக்கொள்ளவில்லை.

இந்த ஆடியில் கொள்ளுத்தாத்தாவுக்கென்று தனி இலை போட்டோம். பக்கத்தில் பாட்டியின் படத்தையும் வைத்தோம்.

நன்றியுடன்,
குடும்பத்தார் அனைவரும்,
ஆரணி.